வூஃபர் வாங்கப் போறீங்களா? வாட்ஸை விடுங்க... இந்த மூணு எண்ணைப் பாருங்க!

வீட்டிலேயே சப்வூஃபர் செய்ய ஆசைப்பட்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், கடையில் முதலில் கேட்பது இதுதான்: “அண்ணே, இது எத்தனை வாட்ஸ்?” பணம் வீணாவதும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

வாட்ஸ் என்பது, அந்த வூஃபர் எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும். பேஸ் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று சொல்லாது. ‘பி.எம்.பி.ஓ.’, ‘பீக்’ எண்களை அப்படியே விட்டுவிடுங்கள், ‘ஆர்.எம்.எஸ்.’ மட்டும்தான் கணக்கு.

அந்த மூன்று எண்கள் என்ன?

நெவில் தீல் 1961-ல் முன்வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய அளவுகள் இவை.

எஃப்.எஸ்.: கோன் இயல்பாக அதிரும் அலைவரிசை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். எனவே 25 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது.

கியூ.டி.எஸ்.: கோனின் அசைவு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காட்டும். பொதுவாக 0.4-ஐ ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் துளை வைத்த பெட்டி, 0.4 முதல் 0.6 வரை என்றால் மூடிய பெட்டி.

வி.ஏ.எஸ்.: லிட்டரில் தரப்படும். பெட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

ஒரு கணக்கு

எஃப்.எஸ். 30, கியூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 60 லிட்டர் உள்ள வூஃபர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குச் சுமார் 28 லிட்டர் தேவை. சுமார் 53 ஹெர்ட்ஸ் வரை ஒலி சீராக இறங்கும். அதையே இடமில்லை என்று 12 லிட்டர் பெட்டியில் திணித்தால், அதிர்வு 73 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆழமான பேஸ் போச்சு! ‘வின்ஐஎஸ்டி’ என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்.

8 இன்ச்சா, 12 இன்ச்சா?

அலைவரிசை பாதியானால், அதே சத்தத்துக்கு 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 12 இன்ச் கோனின் பரப்பு, 8 இன்ச்சைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் பெட்டியும் பெரிதாகும். கோன் முன்பின் எவ்வளவு நகரும் என்பதைக் காட்டும் ‘எக்ஸ்மேக்ஸ்’ அளவையும் பாருங்கள்.

பழைய வூஃபர் வாங்கினால்...

கோனை இரு கைகளாலும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் வேண்டாம். ஓரத்து ஃபோம் விரலில் உதிர்ந்தாலும் வேண்டாம். மல்டிமீட்டரில் 4 ஓம் வூஃபர் 3 முதல் 4-க்குள் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் எரிந்திருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஓமுக்கான ஆம்ப்பில் 4 ஓம் வூஃபரை மாட்டினால் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

மலிவான வூஃபர் தப்பில்லை. ஆனால் அளவுகள் தெரியாத வூஃபருக்குப் பெட்டி செய்வது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரிதான். விவரத்தாள் இருந்தால் மட்டும் பர்ஸைத் திறங்க!