சுத்துற சக்கரமும் பெட்டிக்கடை பிரைஸ் அட்டையும்

மகா சிவராத்திரித் திருவிழாவுக்கு தேவதானப்பட்டி போயிருந்தேன். அக்கா தன் போனை நீட்டி, "தம்பி, பேங்க்ல என்னத்துக்கோ காசு பிடிச்சுக்கிட்டே இருக்கான், என்னன்னு பாரு" என்றாள். பார்த்தேன். பேங்க் எதையும் பிடிக்கவில்லை. இருபது நாளில் 40, 80, 240 என்று சின்னச் சின்னதாக யுபிஐ வழியே 2,840 ரூபாய் ஒரு மொபைல் கேமுக்குப் போயிருந்தது. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். லைனிங் இல்லாத ஜாக்கெட்டுக்குக் கூலி 120 ரூபாய். அப்படிப் பார்த்தால் இருபத்து மூணு ஜாக்கெட்டுக்கு மேல் தைத்த காசு.

அவ மகன் எட்டாம் வகுப்பு. கூப்பிட்டுக் கேட்டேன். அழுகையெல்லாம் இல்லை, வருத்தம் மட்டும்தான். "ஒரு டிரெஸ் மாமா. சக்கரம் சுத்துனா விழும். மூணு தடவை கொஞ்சத்துல மிஸ் ஆயிருச்சு" என்றான்.

நானும் கேம் ஆடுறவன்தான். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் கவுண்டர்-ஸ்ட்ரைக், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்று விடிய விடிய உட்கார்ந்தவன். நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. அதனால் "கேமே கெட்டது" என்று ஆரம்பிக்கிற பேச்சில் எனக்கு ஈடுபாடு கிடையாது. ஆனால் அந்த "கொஞ்சத்துல மிஸ்" என்கிற சொல் உறுத்தியது. ஏன்னா, பொதுவா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை.

இந்த மாதிரி சக்கரங்கள் சாதாரணமா எப்படிச் செய்யப்படுகின்றன என்று ஒரு புரோகிராமராகச் சொல்கிறேன். நீங்க பட்டனை அமுக்கின நொடியிலேயே சர்வர் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, உங்களுக்கு என்ன பரிசு என்று முடிவு பண்ணி அனுப்பிவிடும். அதுக்கப்புறம் சுத்துற சக்கரம் வெறும் படம். எங்கே வேகம் குறையணும், பெரிய பரிசுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எப்படி இழுத்து இழுத்து நிக்கணும் என்பதை அனிமேஷன் பண்றவர் தீர்மானிக்கிறார். பக்கத்துல வந்து நின்னாலும் தூரத்துல நின்னாலும் தோத்தது தோத்ததுதான்.

எங்க காலத்துலயும் இது இருந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டை தொங்கும். 25 பைசா கொடுத்து ஒரு சின்னத் தாளைக் கிழிச்சா உள்ளே ஒரு நம்பர். பலூன், விசில், மோதிரம் கிடைக்கும். உச்சியில் ஒரு கைக்கடிகாரம் எல்லாரையும் பார்த்துக்கிட்டே இருக்கும். கடிகார நம்பரைக் கடைக்காரர் முதலிலேயே கிழிச்சு எடுத்து வச்சிருவார் என்று பையன்கள் பேசிக்குவோம். அப்படியும் கிழிப்போம்.

ஆனா அந்த அட்டைக்கும் மொபைல் சக்கரத்துக்கும் கணக்கில் பெரிய வித்தியாசம் இருக்கு. அட்டையில் 100 தாள் என்றால், கிழிச்ச தாள் போனது போனதுதான். கடைக்காரர் யோக்கியராக இருந்தால், 25 ரூபாயில் மொத்த அட்டையும் முடிஞ்சு கடிகாரம் யார் கைக்காவது வந்தே தீரணும். மொபைல் சக்கரத்தில் எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டுக் குலுக்குறாங்க. வாய்ப்பு 1 சதவீதம் என்று வச்சுக்குவோம். "அப்போ நூறு தடவை சுத்துனா ஒண்ணு விழணும்ல?" என்பான் பையன். இல்லை. ஒரு தடவை விழாமல் போக வாய்ப்பு 0.99. அதை நூறு தடவை பெருக்கினால் 0.366 வரும். அதாவது நூறு தடவை சுத்தின 100 பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிப்பாங்க. இருநூறு தடவை சுத்தினாலும் 13 பேர் நிப்பாங்க.

இதில் இன்னொரு திரை, கேமுக்குள்ள இருக்கிற வைரம், நாணயம் எல்லாம். ரூபாயை முதலில் வைரமா மாத்தணும், வைரத்தில் சக்கரம் சுத்தணும். ஒரு சுத்துக்கு 20 வைரம், பாக்கெட் 50 வைரம். ரெண்டு சுத்து முடிஞ்சா 10 மிஞ்சும். அந்த மிச்சம் அடுத்த பாக்கெட்டை வாங்கச் சொல்லும். மருமகன் 2,840 ரூபாய் செலவழிச்சேன்னு நினைக்கவே இல்லை, "வைரம் தீந்துருச்சு"ன்னு தான் நினைச்சிருக்கான்.

இதை இந்தத் துறை எப்படிக் கத்துக்கிட்டது என்று தேடினால் ஜப்பானில் போய் நிக்கும். காசு போட்டுத் திருகினா பொம்மை விழுற மெஷின்கள் அங்கே ரொம்ப நாளா உண்டு. அதே வித்தையை மொபைல் கேமுக்குள் கொண்டுவந்து "காச்சா" என்றார்கள். ஒரு செட் பொம்மையை முழுசாச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்கிற வகையை 2012-லேயே ஜப்பான் நுகர்வோர் துறை சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. 2017-ல் சீனா, வாய்ப்பு விகிதத்தை வெளியிடணும் என்றது. நான் ஹாஸ்டலில் ஆடின கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் 2013-லிருந்து பெட்டி வந்துவிட்டது. சாவி 2.49 டாலர். சீன விதிக்காக விகிதத்தைச் சொன்னபோதுதான் எல்லாரும் ஆசைப்படுற கத்தி மாதிரியான பொருள் விழ வாய்ப்பு 0.26 சதவீதம் என்று தெரிந்தது. சராசரியா 385 பெட்டி, சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல்.

கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90-வது தடவையில் கட்டாயம் ஒண்ணு கிடைக்கும், ஆனா நீங்க கேட்ட பாத்திரம்தான் என்பதற்கு முதல் முறை பாதி வாய்ப்புதான். இந்தக் கட்டாயத்துக்கு ஆட்டக்காரர்கள் வச்ச பேர் "பிட்டி", அதாவது இரக்கம். எனக்கென்னமோ அட்டைக்கு ஒரு முடிவைத் திரும்பக் கொண்டுவந்து, விலையை மட்டும் அவங்களே போட்டுக்கிட்டதாத்தான் தெரியுது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு அந்த நிறுவனம் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தப் பெட்டிகளை விற்கக்கூடாது என்பதும் அதில் அடக்கம்.

கம்பெனிகள் ஏன் விடுவதில்லை? எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021 நிதியாண்டில், ஆட்டக்காரர் அட்டைகளைப் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற அல்டிமேட் டீம் வழியாக மட்டும் சம்பாதித்தது 162 கோடி டாலர். அவங்க மொத்த வருமானத்தில் கிட்டத்தட்ட 29 சதவீதம். பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நாலு வருஷம் கழிச்சு ஒரு ஆய்வாளர் போய்ப் பார்த்தால், அங்கே அதிகம் வசூலிக்கிற 100 ஐபோன் கேம்களில் 82-ல் பெட்டி அப்படியே இருந்தது.

இங்கே? ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. சட்டம் பார்ப்பது, காசு கட்டிக் காசோ வேறு ஆதாயமோ ஜெயிக்கிற எதிர்பார்ப்பை. விற்கவே முடியாத ஒரு பொம்மைச் சட்டை ஆதாயமா? கம்பெனி வக்கீல் இல்லைன்னுதான் சொல்வார். என் பார்வையில் அது ரம்மியைவிட ஒரு படி மோசம். ரம்மியில் எப்பவாவது ஒருத்தன் காசோடு எழுந்திருப்பான், இங்கே போகிற காசு ஒரு வழிப்பாதை.

லாட்டரி நினைவுக்கு வருது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். எங்க மாவட்டத்துக்கு அந்தத் தடையில் எப்பவும் ஒரு ஓட்டை உண்டு. கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி. கேரள அரசே 1967-லிருந்து லாட்டரி நடத்துது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வர்றவங்க அங்கே சீட்டு வாங்கினா யார் தடுக்க? லாட்டரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனா அந்தச் சீட்டில் விலை அச்சடிச்சிருக்கும், குலுக்கல் தேதி இருக்கும், வாங்க மலை ஏறணும். மருமகன் படுக்கையில் புரண்டாலே போதும்.

கேம் அப்படித்தான் இருக்கணும் என்று இல்லை. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்கிற சின்னக் குழு 2023-ல் 'வெண்பா' வெளியிட்டது. கனடாவில் குடியேறின தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த கிழிஞ்ச சமையல் நோட்டு, இட்லி எப்படி அவிக்கணும் என்கிற புதிர். ரெண்டு மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும். ஒரு தடவை காசு கொடுத்தால் கதை மொத்தமும் உங்களுக்கு. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. நான் முடிச்சிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

எங்க ஊர் மூங்கிலணை காமாட்சி சன்னதிக் கதவைத் திறப்பதே இல்லை, மூடின கதவுக்குத்தான் பூஜை. காசு கட்டினா ஒரு சதவீதம் திறக்கும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கோவிலிலிருந்து திரும்பி வரும்போது இதை மருமகனிடம் சொன்னேன். சிரித்தான், புரிந்ததா தெரியவில்லை.

சரி, செஞ்சே காட்டிருவோம் என்று அக்கா துணி வெட்டுற பேப்பர் மிச்சத்தை நூறு துண்டாக்கினோம். ஒண்ணில் மட்டும் "டிரெஸ்" என்று எழுதி, எல்லாத்தையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினான். எடுத்ததைத் திரும்பப் போடணும், அதுதான் விதி.

ஏழாவது தடவையிலேயே டிரெஸ் விழுந்துவிட்டது. என் பாடம் அங்கேயே படுத்துவிட்டது.

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இன்னொரு தடவை மாமா" என்றான். மறுபடி ஆரம்பித்தோம், நோட்டில் கோடு போட்டுக்கிட்டே வந்தான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது 163 கோடு ஆகியிருந்தது, சீட்டு வரவில்லை. தூக்குவாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான், நோட்டை மட்டும் கையில் எடுத்துக்கிட்டுச் சாப்பிட வந்தான்.