ஹுலுகங்கையின் நான்கு பருவங்கள்

கண்டியிலிருந்து வத்தேகமை ஊடாகப் பன்வில நகரை அடைந்து, அங்கிருந்து ஹுலுகங்கை கடைவீதியை நோக்கிச் செல்வோருக்குத் தேயிலைச் சரிவுகளினிடையே ஒரு நீர்வீழ்ச்சி தென்படும். அதன் உயரம் ஏறத்தாழ 75 மீற்றர். ஆங்கிலேய நிலஅளவையாளர் மூடிய கையின் விரல்முட்டிகளைக் கண்டு ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் காடுகளில் ஊறிவரும் நீர் அது. பாறை இடுக்குகளுக்குள் இறங்கி, மகாவலியோடு கலந்து, 1985இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியிலேயே உறங்குகிறது.

அண்மைக் காலமாக இந்த ஓடையோரப் பாதைகளில் மலைநடை செல்லும் வழக்கம் இளையோரிடையே பெருகியிருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவர்களுள் பெரும்பாலானோர் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே வருகின்றனர். வானம் தெளிந்து, நீர் தணிந்து, பாறைகள் உலர்ந்திருக்கும் வேளை அது. புகைப்படங்கள் அழகாய் அமையும். ஆனால் ஓடையை ஒரு பருவத்தில் மட்டும் கண்டவர், அதனை அறிந்துகொண்டதாகக் கூறிவிட முடியுமா?

துன்பத்தில் அமர்ந்திருந்த யோபு தம் நண்பர்களைப் பற்றிக் கூறுவதை அந்நூலின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பனிக்கட்டி உருகும் காலத்தில் பெருகியோடி, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாது மறைந்துபோகும் காட்டாற்றுக்கு அவர்களை அவர் ஒப்பிடுகிறார். அந்நீரை நம்பி வழிமாறி வந்த வணிகக் கூட்டத்தினர் ஏமாந்து நிற்கின்றனர். திருநாட்டின் ஓடைகள் பெரும்பாலும் அத்தகையவை. மழைக்காலத்தில் உயிர்பெற்று, கோடையில் வெறும் கற்பள்ளங்களாய்க் கிடப்பவை. ஆகவே விவிலிய மாந்தர் ஓடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பருவத்தையும் சேர்த்தே பேசுகின்றனர்.

நமது ஹுலுகங்கை முற்றாக வற்றிப்போகும் ஆறன்று. எனினும் தவக்காலம் வரும்போது அதுவும் மெலிந்துவிடுகிறது. மழைநாளில் கண்ணுக்குத் தெரியாத பெரும் பாறைகள் வெளிப்படுகின்றன. கரையோர மரங்களின் வேர்கள் எத்துணை தூரம் நீரைத் தேடிச் சென்றிருக்கின்றன என்பது அப்போதே புலப்படுகிறது. லயங்களின் அருகே பீலிகளில் நீர் நூலாக வடிய, குடங்கள் வரிசையில் காத்திருக்கும். இறைவாக்கினர் எலியாவைக் கெரீத்து ஓடையருகே அனுப்பியவர் ஆண்டவரே. மழையின்மையால் அந்த ஓடையை வற்ற விட்டவரும் அவரே. ஓடை வற்றிய பிறகுதான் எலியா சாரிபாத்தில் வாழ்ந்த ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வாசலுக்குச் செல்கிறார் (1 அரசர் 17). வற்றாத ஓடை கிடைத்திருந்தால் அந்த வீட்டின் வறுமையை அவர் அறிந்திருக்கவே மாட்டார்.

கண்டி இராச்சியத்து மக்களுக்கும் வறட்சியின் நினைவு ஒன்று உண்டு. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, 1692இல் கண்டியில் உளவாளி என்ற ஐயத்தின்பேரில் சிறைவைக்கப்பட்ட புனித யோசேப் வாஸ் அடிகளார், 1696இல் கொடிய வறட்சியின்போது திறந்த வெளியில் பீடம் அமைத்து மன்றாட, மழை பொழிந்ததென மரபு கூறுகிறது. அந்த நிகழ்வை மட்டும் நினைவில் வைத்திருப்போர் பலர். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள், வெயிலிலும் மழையிலும் இந்நாட்டின் பாதைகளை அவர் கால்நடையாகவே கடந்தார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மழையைப் பெற்றுத்தந்த அந்த ஒரு நாளைவிட, மழையில் நனைந்த அத்தனை ஆண்டுகளே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஏப்ரல் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கும். பின்னர் தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும். பாறைகள் பாசி பூசிக்கொள்ளும். அட்டைகள் விழித்தெழும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடப்பதே மலையகத்தின் பழைய வைத்தியம். இப்பருவத்தில் காட்டுக்குள் சென்று ஓடையைப் பார்ப்பவர் ஒரு வியப்பைக் காண்பார். மேலே நாட்கணக்கில் மழை பெய்தாலும், அடர்ந்த காட்டினூடாக வரும் கிளையோடைகள் பெரிதும் தெளிவாகவே ஓடுகின்றன. இலைச்சருகும் வேர்களும் மழைநீரை ஏந்தி, மெல்ல மெல்லவே விடுகின்றன. இந்தக் காட்டின் கீழ்ச்செடிகளை அகற்றி ஏலக்காய் பயிரிட்டு, அதை உலர்த்த விறகும் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. 1985இல் அது தடைசெய்யப்பட்டது. 2010இல் இம்மலைத்தொடர் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு பகுதிகளோடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் இங்கே வாழ்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என வலியுறுத்தியதும், அழியும் உயிரினங்களுக்காக வருந்தியதும் ஒரே இயலில்தான். இரண்டும் ஒரே காட்டைச் சார்ந்தவை என்பதற்குப் பன்வில மக்களுக்குச் சான்று தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைநடை என்பது நகரத்தாருக்குப் பொழுதுபோக்கு. தோட்டத்துத் தாய்மாருக்கு அது நாளாந்த உழைப்பு. கொழுந்துக் கூடையைச் சுமந்து, வழுக்கும் சரிவில் ஏறி இறங்குவோரின் பாதையில்தான் நாம் விருந்தினராக நடக்கிறோம். மன்னாரில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை நடந்து, வழியில் எத்தனையோ பேரை நோய்க்குப் பலிகொடுத்தே இவர்களின் முன்னோர் இம்மலைகளை அடைந்தனர். 2025 செப்டெம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட இத்தாலிய இளைஞர் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி மலையேற்றத்தில் பேரார்வம் கொண்டவர். அதே கால்களால் தூரின் நகரத்து ஏழைகளின் மாடிப்படிகளிலும் ஏறியவர். மலைநடைக்குப் புறப்படும் நம் இளையோருக்கு இவரைவிடப் பொருத்தமான துணைவர் இல்லை.

நவம்பர், ஆன்மாக்களின் மாதம். மலையகத்தில் அது அடைமழையின் மாதமும்கூட. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மிகப்பெரும் இழப்பு கண்டி மாவட்டத்திற்கே. மலைகள் சரிந்தன. வீதிகள் துண்டிக்கப்பட்டன. சாதுவாய்ப் பெயர் எடுத்திருந்த ஓடைகள் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தன. புயல் கடந்த ஞாயிற்றுக்கிழமை நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று உலகெங்கும் திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, நோவாவின் காலத்து வெள்ளத்தைப் பற்றி இயேசு கூறிய பகுதி (மத்தேயு 24). அதற்கு மறையுரை ஆற்றுவது எளிதன்று. வெள்ளத்தில் மாண்டோர் பாவிகள், தப்பியோர் நல்லோர் என்று எவரேனும் அன்று எண்ணியிருப்பின், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தோரைப் பற்றி அதே ஆண்டவர் கேட்ட கேள்வியை (லூக்கா 13) அவர் மறந்துவிட்டார் என்பதே பொருள்.

வெட்டப்பட்ட சரிவின் அடியில், ஓடையின் விளிம்பில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளைக் கட்டியவர் கடவுள் அல்லர். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் பயிருக்கு நல்ல நிலத்தை ஒதுக்கியபின் எஞ்சிய இடத்திலேயே பல லயங்கள் எழுந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியபோது, அந்த இடம் ஆபத்தானதென 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. குடியேறப் பாதுகாப்பான காணி இருக்கவில்லை. ‘விழிப்பாயிருங்கள்’ என்பது எங்கே போவதென்று தெரியாத ஏழைக்கு மட்டும் சொல்லப்பட்ட கட்டளையா? காணியைக் கையில் வைத்திருப்போரும் அதைக் கேட்கக் கடமைப்பட்டவர்களே.

ஓடையருகே பிறந்து வளர்ந்த முதியோர் அதன் மொழியை அறிவர். தெளிந்த நீர் திடீரெனச் சேறாக மாறினால், அல்லது மழை கொட்டும்போதே ஓட்டம் குறைந்தால், மேலே எங்கோ மண் சரிந்து வழியை அடைத்திருக்கக்கூடும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாய்க் கசியும் ஊற்று ஆகியவற்றையும் அவர்கள் கவனிப்பர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்தும் அறிகுறிகளும் இவையே.

எனவே நம் பங்குகளின் இளையோர் மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவோடு நில்லாது, ஒரே ஓடையோரம் மூன்று முறை நடந்து பார்க்கலாம். முதல் நடை தவக்காலத்தில், பீலிகள் மெலிந்திருக்கும்போது. அடுத்தது தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பின், காட்டின் எல்லைவரை, அட்டைக்கடியோடு. மூன்றாவது செப்டெம்பர் முதலாம் நாள் தொடங்கி, அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாளாகிய ஒக்டோபர் 4இல் முடிவுறும் படைப்பின் காலத்தில், பெருமழைக்கு முன்னர். அந்த மூன்றாம் நடைக்குத் தோட்டத்துப் பாட்டியம்மா ஒருவரை முன்னே நடக்கவிட்டு, ஒரு குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்லட்டும். எந்த லயத்தின் பின்சுவரில் ஈரம் ஊறுகிறது, எந்தக் கான் மண்ணடைந்து கிடக்கிறது, எந்தச் சரிவில் வெடிப்பு நீண்டிருக்கிறது, இரவில் ஓட நேர்ந்தால் நடக்கமுடியாதோர் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனர் என்பதை எழுதி, ஒரு பிரதியைத் தோட்ட நிர்வாகத்திடமும் மற்றொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வரட்டும்.