பம்ப் ஸ்டவ் மக்கர் செய்தால்...

பித்தளைத் தொட்டி, மூன்று கால்கள், நடுவே பர்னர், பக்கவாட்டில் ஒரு கைப்பம்பு. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அல்லது பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சமையல் எரிவாயு பரவுவதற்கு முன் நம் வீடுகள் பலவற்றில் காலைக் காப்பி இதன் இரைச்சலோடுதான் தயாராகும். பின்னர் அது பரணில் ஏறிவிட்டது. சில வீடுகளில் அவசரத்துக்கு இன்னமும் கீழே இறங்குகிறது.

இறங்கியதும் தொல்லையும் தொடங்கும். பம்பு அடித்தால் காற்று ஏறாது. ஏறினால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். அல்லது நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று மங்கும். அப்போது பெரும்பாலோர் செய்வது ஒன்றே: இன்னும் நாலு அடி அடிப்பார்கள். சில வேளைகளில் அது சரியான மருந்து. வேறு சில வேளைகளில் அதுவே விபத்துக்கு வழி. எந்த வேளையில் எது என்று எப்படி அறிவது? அதற்கு ஸ்டவ்வினுள் நடப்பது என்னவென்று முதலில் தெரியவேண்டும்.

நீலச் சுடரின் இரகசியம்

மண்ணெண்ணெய் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவியே. மண்ணெண்ணெய் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கி, 300 டிகிரி வரை அதன் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆவியாகும். சாதாரணச் சிம்னி விளக்கில் இந்த ஆவி திரியின் நுனியிலேயே உண்டாகி அங்கேயே எரிகிறது. ஆனால் அதற்குப் போதுமான காற்று ஆவியோடு முன்கூட்டியே கலப்பதில்லை. எரியாமல் மிஞ்சும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால்தான் விளக்கின் சுடர் மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சத்துக்கு அது நல்லது, சமையலுக்கு ஆகாது.

ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிலாளி 1892ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். மண்ணெண்ணெயைச் சுடரின் வெப்பத்தாலேயே முதலில் ஆவியாக்கி, பிறகு காற்றோடு கலந்து எரிக்கும் அடுப்பை அவர் அமைத்தார். 'ப்ரைமஸ்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. 1911இல் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவினர் பனியை உருக்கி நீராக்கியதும் ப்ரைமஸ் ஸ்டவ்வில்தான். நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மண்ணெண்ணெய் செல்லும் பாதை

இனி, ஒரு துளி மண்ணெண்ணெயோடு நாமும் பயணம் செய்வோம்.

பம்பை அடிக்கும்போது தொட்டிக்குள் காற்று புகுகிறது. உள்ளே போன காற்று வெளியே திரும்பாதபடி பம்பின் அடியில் ஒரு வால்வு காக்கிறது. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றக்கூடாது என்பார்கள். ஏன் தெரியுமா? திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அமுக்கப்பட்ட அந்தக் காற்றுதான் சுருள்வில்லைப் போல மண்ணெண்ணெயைத் தொடர்ந்து தள்ளுகிறது. வில்லுக்கு இடம் வேண்டுமல்லவா?

தள்ளப்பட்ட எண்ணெய் நடுக்குழாய் வழியாக மேலேறி, பர்னரின் வளைந்த குழாய்களுக்குள் நுழைகிறது. அங்கே சுடரின் சூட்டில் ஆவியாகிறது. ஆவி, 'நிப்பிள்' என்னும் சிறு உறுப்பிலுள்ள துளை வழியே வேகமாகப் பீறிடுகிறது. அத்துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பீறிடும் ஆவி சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே செல்கிறது. இரண்டும் கலந்து எரிவதால் கரித்துகள் மிஞ்சுவதில்லை, சுடர் நீலமாகிறது.

ஆனால் முதல் சுடருக்கு முன் பர்னரைச் சூடாக்குவது யார்? அதற்குத்தான் ஸ்பிரிட். பர்னரின் கீழுள்ள கிண்ணத்தில் சிறிது ஸ்பிரிட்டை ஊற்றி எரிக்கிறோம். அது எரிந்து முடியும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி மெதுவாகப் பம்பு அடிக்கவேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே அடித்தால், ஆவிக்குப் பதில் திரவ மண்ணெண்ணெயே பீச்சியடித்து, உயரமான மஞ்சள் தீயாக எழும்பும். இது பழுதன்று, சூடு போதவில்லை, அவ்வளவே. காற்றுத் திருகைத் திறந்து தீயை அணைத்து, பர்னர் நன்றாக ஆறிய பின் மறுபடி தொடங்கவேண்டும். சூடான கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினால் அதன் ஆவி சட்டென்று பற்றிக் கையிலுள்ள புட்டிக்கே தாவும்.

உறுப்புகளும் நோய்களும்

பழுது பார்க்குமுன் நான்கு விதிகள்: ஸ்டவ் முழுதும் ஆறியிருக்கவேண்டும், காற்றுத் திருகு திறந்திருக்கவேண்டும், எண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மாற்றியிருக்கவேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும். அருகில் எந்தத் தீயும் வேண்டாம்.

பம்பு வாஷர்: பம்புத் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். கீழே தள்ளும்போது அதன் விளிம்பு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டும். மேலே இழுக்கும்போது சுருங்கிக் காற்றுக்கு வழிவிடும். பழைய சைக்கிள் பம்பிலும் இதே ஏற்பாடு உண்டு. பயன்படுத்தாமல் கிடந்தால் தோல் காய்ந்து விறைத்துவிடும். அடித்தால் கைக்கு எந்தத் தடையும் தெரியாது. வாஷரை வெளியே எடுத்து, எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரல்களால் விரித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். தோல் கிழிந்திருந்தால் புதியது போடவேண்டும்.

வால்வு: பம்பை அடித்துக் கையை எடுத்ததும் தண்டு தானாக மேலே எழுந்து வருகிறதா? பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வருகிறதா? அப்படியானால் அடியிலுள்ள வால்வு சரியாக மூடவில்லை. அதிலுள்ள சிறு ரப்பர்த் துண்டு தேய்ந்திருக்கும். அதை மாற்ற நீண்ட சாவி தேவை. பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

மூடி வாஷர்: அடித்த காற்று சில நிமிடங்களில் இறங்கிவிட்டால், எண்ணெய் ஊற்றும் மூடியைச் சந்தேகியுங்கள். ஸ்டவ்வைப் பற்றவைக்காமல் லேசாகக் காற்றேற்றி, மூடியைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவினால் கசியுமிடத்தில் குமிழிகள் எழும்பும். சாதாரண ரப்பரை வெட்டி வாஷராகப் போடுவது பயனற்றது. மண்ணெண்ணெய் இயற்கை ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்துவிடும். எண்ணெயைத் தாங்கும் ரப்பர் வாஷரையே கேட்டு வாங்கவேண்டும்.

ஈய வாஷர்: பர்னரும் நடுக்குழாயும் சேருமிடத்தில் ஈயத்தாலான வளையம் இருக்கும். அங்கே ரப்பர் கருகிவிடும். ஈயமோ மென்மையானது, திருகும்போது நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அது உருக 327 டிகிரி வேண்டும். கீழிருந்து குளிர்ந்த எண்ணெய் ஏறிக்கொண்டே இருப்பதால் அவ்விடம் அவ்வளவு சூடாவதில்லை. பர்னரின் அடியில் சிறு சுடர் தனியே எரிந்தால் இந்த வாஷர் கசிகிறது என்று பொருள். உடனே அணைத்துவிடவேண்டும். ஒருமுறை நசுங்கிய ஈயம் மறுமுறை சரியாக அடைக்காது. பர்னரைக் கழற்றும்போதெல்லாம் புதிய வாஷர் தேவை. ஈயம் நச்சுப் பொருள் என்பதால் வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

நிப்பிள்: மண்ணெண்ணெய் ஆவியாகும்போது சிறிது கரி படியும். அது நிப்பிளின் துளையை அடைத்தால் சுடர் சிறுத்துவிடும், அல்லது ஒருபக்கம் சாயும். இதற்குத்தான் ஸ்டவ் பின். பின்னை நேராகச் செருகி நேராக எடுக்கவேண்டும். குடைந்தால் துளை பெரிதாகும். அதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? கணக்கிட்டுப் பாருங்கள். விட்டம் 0.30 மில்லிமீட்டரிலிருந்து 0.36 ஆனால், துளையின் பரப்பு 44 விழுக்காடு கூடிவிடும். ஆவி மிகுதியாக வரும். இழுக்கப்படும் காற்று அந்த அளவுக்குக் கூடாது. சுடர் மஞ்சளாகும், கரி படியும். இந்த நிலையில் எத்தனை முறை குத்தினாலும் பயனில்லை. அதே அளவுள்ள புதிய நிப்பிளை மாற்றுவதே வழி.

பர்னர்: நிப்பிள் புதிதாக இருந்தும் சுடர் வலுவிழந்தே இருந்தால், பர்னரின் வளைந்த குழாய்களுக்குள்ளேயே கரி அடைத்திருக்கும். அங்கே பின் எட்டாது. பர்னரையே மாற்றவேண்டும்.

தொட்டியில் விரிசலோ ஓட்டையோ இருந்தால் மட்டும் எதையும் மாற்றிப் பார்க்காதீர்கள். வீட்டில் பற்றவைத்து ஒட்டவும் முயலாதீர்கள். காலித் தொட்டியில் தங்கியுள்ள ஆவி வெடிக்கக்கூடும். அந்த ஸ்டவ்வின் ஆயுள் முடிந்தது.

ஒரே அறிகுறி, இரண்டு நோய்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எரிந்துகொண்டிருந்த ஸ்டவ் மங்குகிறது. காரணம் இரண்டில் ஒன்று. தொட்டியில் அழுத்தம் குறைந்திருக்கலாம். அல்லது அழுத்தம் அப்படியே இருந்து, நிப்பிள் அடைத்திருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. தொட்டிக்குள் இருக்கும் நிலையோ நேர்மாறானது.

முதல் நிலையில் பம்பு அடித்தால் சுடர் உயிர்பெறும். இரண்டாவது நிலையில் அடிக்க அடிக்க, வெளியேற வழியில்லாத தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மூடியின் பழைய வாஷரோ, தேய்ந்த திருகுமரையோ, பற்றவைத்த இணைப்போ எங்கேனும் விட்டுக்கொடுக்கும். அப்போது வெளிப்படும் மண்ணெண்ணெய் பனித்துளிகளைப் போல நுண்ணிய தூறலாகச் சிதறும். கொட்டிக் கிடக்கும் எண்ணெயைவிட இத்தூறல் மிக எளிதில் பற்றும். சுடரோ அருகிலேயே இருக்கிறது. 'ஸ்டவ் வெடித்தது' என்று சொல்லப்படும் விபத்துகள் நேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

எனவே சுடர் மங்கியதும் கை பம்புக்குப் போகக்கூடாது. காற்றுத் திருகுக்குப் போகவேண்டும். திருகை மெல்லத் திறந்து காதைக் கொடுங்கள். 'புஸ்' என்ற ஒலி வலுவாக நீடித்தால் உள்ளே அழுத்தம் இருந்திருக்கிறது: குற்றவாளி நிப்பிளோ பர்னரோதான். ஒலி மெலிதாக உடனே அடங்கினால் அழுத்தம் எங்கோ கசிந்திருக்கிறது: வாஷர்களையும் வால்வையும் பாருங்கள். ஸ்டவ்வும் அணைந்தது, நோயும் தெரிந்தது. ஆறிய பிறகு உரிய உறுப்பைச் சரிசெய்யலாம்.

மறக்கக்கூடாதவை

எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ தொட்டி மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயோடு பெட்ரோல் சிறிதளவு கலந்திருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். சமைக்கும்போது பருத்தி உடையே நல்லது, அதுவும் தொங்கும் முந்தானை இல்லாமல்.

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள சிறிய அடுக்களையில் இருக்கும் காற்று முழுவதும் அவ்வளவுதான்! சன்னல் மூடியிருந்தால் காற்று போதாமல், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும்.

எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலைக் கொட்டுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்துப் புரளவேண்டும். சுட்ட இடத்தில் மையோ மாவோ பூசாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் படும்படி வைத்து, மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பம்ப் ஸ்டவ் உங்கள் வீட்டில் இல்லாமலிருக்கலாம். எரிவாயு அடுப்பு நிச்சயம் இருக்கும். அதிலும் சிறு துளை வழியாக வாயு பீறிட்டுக் காற்றை இழுத்துக்கொண்டுதான் எரிகிறது. நீலச் சுடர் ஒருநாள் மஞ்சளானால், வாயு வரும் பாதையையும் காற்று வரும் பாதையையும் மனத்துக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கும் என்று ஊகித்துவிட்டு, பழுது பார்ப்பவர் வந்து திறக்கும்போது உங்கள் ஊகம் சரிதானா என்று அருகிலிருந்து பாருங்கள்.