அடைப்பு போனது, அமிலம் வந்தது

உணவுக்குழாய் அடைப்புக்கான ‘போயம்’ சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: பேன் 40, 1-0-0, சாப்பாட்டுக்கு முன். பக்கத்தில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று எழுதியிருப்பார்கள். அட்டை தீர்ந்ததும் பலர் இந்த அமிலக் குறைப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சோறு தடையில்லாமல் இறங்குகிறது, உடம்பு தேறுகிறது, இனி எதற்குக் கேஸ் மாத்திரை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் மருத்துவரோடு நின்று பேச வேண்டிய வரி அதுதான்.

போயம் செய்வது அக்கலேசியா என்ற அரிய நோய்க்கு. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வருகிறது. உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது அது தளர வேண்டும். தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் அது இறுகியே கிடக்கிறது. மேலே உள்ள குழாயும் உணவைக் கீழே தள்ளும் சக்தியை இழக்கிறது. முதலில் களி உருண்டை நெஞ்சில் நிற்கும், பிறகு சோறு, கடைசியில் தண்ணீர்கூட. ராத்திரி படுத்தால் சாயங்காலம் தின்றது வாய்க்கு வரும். இதை வெறும் நெஞ்செரிச்சல் என்று எண்ணி வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்கியவர்கள் நிறைய. ஆரம்ப கட்டத்தில் எண்டோஸ்கோப்பி செய்தும் தப்பிப்போவதுண்டு. பேரியம் எக்ஸ்ரேயும் மானோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையும் சேர்ந்துதான் நோயை உறுதி செய்கின்றன. அதற்காகவே ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கோ, எதிர்த்திசையில் வேலூருக்கோ போகிறார்கள்.

ஜப்பானின் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே 2008-ல் முதன்முதலில் மனிதருக்குச் செய்தது போயம். வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, உணவுக்குழாயின் உட்சவ்வுக்குக் கீழே ஒரு சுரங்கம் போட்டு, இறுகிய தசையை உள்ளிருந்தே வெட்டி, நுழைந்த துளையைக் கிளிப் போட்டு மூடுவார்கள். வெட்டு வளையத்தைக் கடந்து இரைப்பைக்குள்ளும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போகும். வயிற்றில் தழும்பு கிடையாது. சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் அந்த வளையத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது, இரைப்பை அமிலத்தை மேலே விடாமல் தடுப்பது. திறக்காத கதவின் தாழ்ப்பாளை அறுத்தால் கதவு இரண்டு பக்கமும் ஆடத்தானே செய்யும்? அதிலும் இந்த நோயாளியின் உணவுக்குழாய் வலுவிழந்தது. ஏறிவந்த அமிலத்தை உடனே கீழே தள்ள அதனால் முடியாது. அமிலம் அங்கேயே தேங்கிப் புண்ணாக்கும்.

எத்தனை பேருக்கு? 2019-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில் 221 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்குப் போயம். மறுபாதிக்கு லேப்ராஸ்கோப்பி மூலம் ஹெல்லர் அறுவை சிகிச்சை. அதில் தசையை வெட்டியபின் இரைப்பையின் ஒரு பகுதியை மடித்துத் தைத்து அமிலத்துக்கு அணை போடுவார்கள். இரண்டு வருடம் கழித்து விழுங்குவதில் வித்தியாசமே இல்லை, 83 சதவீதமும் 82 சதவீதமும். அமிலத்தில்தான் பிரிந்தார்கள். மூன்றாம் மாத எண்டோஸ்கோப்பியில் போயம் தரப்பில் 57 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி, ஹெல்லர் தரப்பில் 20. இரண்டாம் வருட முடிவில் 44-க்கு 29. அதே ஆண்டு ‘ஜாமா’ இதழில் வந்த ஆய்வு போயத்தை, இறுகிய வளையத்தைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையோடு ஒப்பிட்டது. வெற்றியில் போயம் 92, பலூன் 54; அழற்சியில் 41-க்கு 7. இந்தியாவில் மிக அதிகமாகப் போயம் செய்த இடங்களில் ஒன்று ஹைதராபாத்தின் ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி. 400-க்கும் மேற்பட்டோரின் அனுபவத்தை அவர்கள் 2017-ல் வெளியிட்டபோது, அமில அளவுச் சோதனைக்கு வந்தவர்களில் கால்வாசிக்கும் மேலானவர்களிடம் எதுக்களிப்பு தெரிந்தது.

இதைப் படித்துப் போயத்துக்குப் பயப்பட வேண்டாம். சோறே இறங்காத நிலையோடு ஒப்பிட்டால் அமிலம் மாத்திரைக்குக் கட்டுப்படும் தொல்லை. சில வகை அக்கலேசியாவுக்குப் போயமே முதல் தேர்வு. என் மனக்குறை வேறு. மூன்றில் ஒருவருக்கு, இரண்டில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றை ‘லேசா நெஞ்சு கரிக்கலாம்’ என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறார்கள்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு பிழையும் இருக்கிறது. பலருக்கு நெஞ்சு கரிப்பதே இல்லை. போயம் செய்துகொண்ட 282 பேரைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், அமிலம் அளவு மீறி ஏறியவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றே சொன்னார்கள். நோயில் உணர்வு நரம்பும் மழுங்கிப்போவது காரணமாக இருக்கலாம். உள்ளே புண் ஆறி ஆறித் தழும்பேறினால் குழாய் சுருங்கும்; மறுபடி சோறு இறங்காமல் போகும். பல வருடம் நீடித்தால் உட்சவ்வின் தன்மையே மாறிப் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம். எனவே எரிச்சல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சில மாதம் கழித்து ஒரு எண்டோஸ்கோப்பி, தேவைப்பட்டால் அமில அளவுச் சோதனை, பிறகு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்ற தேதி, இவற்றை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்க வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன் தேவையில்லாமல் விழுங்கிய அதே மாத்திரையை, நிஜமாகவே தேவைப்படும் காலத்தில் நிறுத்துவதுதான் இதில் உள்ள கொடுமை.

அமிலக் குறைப்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட்டால்தான் முழுப் பலன். இங்கேதான் சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்ட் வாழ்க்கை குறுக்கே வருகிறது. இரவு வேலையான சி ஷிப்ட் முடிந்து காலையில் ரூமுக்கு வருகிறவர் நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி உடனே படுக்கிறார். காலையில் மட்டும் என்று சொல்லும் 1-0-0 சீட்டு அவருக்குப் பொருந்தாது. ‘எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட்’ என்று டாக்டரிடம் சொல்லி ஷிப்ட்டுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிடுவதை வேலைக்கு நடுவே கேன்டீனிலேயே முடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுவது நல்லது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து ஒரு சாண் உயர்த்தச் சொல்வார்கள். கம்பெனி ஹாஸ்டலின் அடுக்குக் கட்டிலில் அது நடக்காது. மெத்தைக்கு அடியில் சரிவாக ஏதாவது வைக்கலாம். இரண்டு தலையணை போட்டால் கழுத்துதான் மடங்கும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது உதவும். புகையிலை, மது இரண்டும் வேண்டாம். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இந்தக் குழாய்க்கு எதிரி.

நீண்ட காலம் மாத்திரை போடுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். இந்த வகை மருந்துகளால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படக்கூடும் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. அதற்காகத் தானாக நிறுத்தவும் கூடாது. ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மறுபடி விழுங்கச் சிரமம், எடை குறைவு, ராத்திரி புரையேறி இருமல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் ‘போயம் செய்த இடம்தானே’ என்று உட்கார்ந்திருக்காமல் முதலில் இசிஜி, அவசரமென்றால் 108.

செலவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. சம்பளத்தில் அதற்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்பது பே ஸ்லிப்பில் தெரியும். தகுதியுள்ளவருக்கு நோய்க்கால விடுப்பில் வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உயர் சிகிச்சைக்கு ஓசூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் முதலில் பரிந்துரை வாங்குங்கள். நேரே தனியாரிடம் போய்ப் பில் கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அந்த மருத்துவமனையில் அது அட்டைக்குள் வருமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

இனி உரிமை. சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சொன்னது தெளிவு: சிகிச்சை என்ன, பலன் என்ன, மாற்று வழி உண்டா, கணிசமான ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம். மிக அரிதான ஆபத்துகளைச் சொல்லத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நூற்றில் நாற்பது பேருக்கு வருவதை அரிது என்று யாரும் சொல்ல முடியாது. ஹெல்லரும் பலூனும் இருக்கின்றன என்பதும் நோயாளிக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஆங்கிலமும் கன்னடமும் அச்சடித்த படிவத்தில் ‘இங்க சைன் பண்ணுங்க’ என்று விரல் காட்டினால், தமிழிலோ தெலுங்கிலோ விளக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமைகள் என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த சாசனம் சொல்கிறது.

அமிலம் ஏறியது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகாது. வழக்குப் போட நினைப்பவர்கள் இதை முதலில் ஏற்க வேண்டும். சிகிச்சையைச் சரியாகச் செய்தாலும் வரும் விளைவு இது. முன்கூட்டிச் சொல்லவில்லை, பின்தொடர்ந்து பார்க்கவில்லை, புகாரைச் சொன்னபோதும் சோதிக்கவில்லை என்பவைதான் கேள்விக்குரியவை. அதற்குக் காகிதம் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி. மானோமெட்ரி அறிக்கையும், தசையை எத்தனை சென்டிமீட்டர் வெட்டினார்கள் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். வழக்கே போடாவிட்டாலும் அடுத்த மருத்துவருக்கு அவை தேவைப்படும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் அவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும்.

சிகிச்சை பெங்களூரில், வீடு ஓசூரில். வழக்குக்காக வாய்தா வாய்தாவாகப் பெங்களூருக்கு அலைய வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே புகார் தரலாம். அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அரசு மருத்துவமனையில் கட்டணமே இல்லாமல் பெற்ற சிகிச்சைக்கு மட்டும் இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.