சக்கரங்களை மாற்றுமுன் சற்றே சிந்திப்போம்!

மேலப்பாளையத்திலும், பேட்டையிலும், ஏர்வாடியிலும், கடையநல்லூரிலும் சிறிய கார் நிற்காத தெரு இன்று அரிதாகி வருகிறது. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு வியர்வை சிந்திய சபராளி, தம் குடும்பத்தார் வெயிலிலும் மழையிலும் பேருந்துக்காகக் காத்து நிற்கக் கூடாதே என்னும் கவலையால் சேமித்த பணத்தில் வாங்கும் வாகனம் அது. நிக்காஹ் வைபவங்களுக்கும், மருத்துவமனைக்கும், திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கும் குடும்பம் முழுவதையும் சுமந்து செல்வதும் அதுவே.

கார் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் நம் இளைஞர்களின் உள்ளத்தில் ஓர் ஆசை எழுகின்றது. கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் பெரிய அலாய் சக்கரங்களையும், அகலமான டயர்களையும் பொருத்த வேண்டும் என்பதே அந்த ஆசை. இதற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவாகிறது. இச்செலவு தகுமா? இதனால் நன்மையா, தீமையா? குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் இவற்றை அறிந்திருப்பது அவசியம்.

அழகை மார்க்கம் தடுக்கவில்லை. தூய்மையும் அழகும் அல்லாஹ்வுக்கு உவப்பானவை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் வீண் விரயத்தையும், பிறர் காணப் பெருமையடிப்பதையும் அதே மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கின்றது. ஆகவே, சக்கரத்தை மாற்றலாமா என்று கேட்பதைவிட, எதற்காக மாற்றுகிறோம், எப்படி மாற்றுகிறோம் என்று கேட்பதே பொருத்தமாகும்.

சாலையைத் தொடும் இடம்

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். அது வழக்கத்திற்கு வராமலே மறைந்தது. பின்னர் 1888-இல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று முயன்று காற்றடைத்த டயரை மீண்டும் உருவாக்கினார். ஒரு தந்தையின் பரிவிலிருந்து பிறந்த பொருள் இன்று உலகையே தாங்கி ஓடுகின்றது.

காரின் பாரத்தைச் சுமப்பது ரப்பர் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதனுள் பின்னப்பட்ட இழைகளும் அக்காற்றைக் காக்கும் உறை. ஓடும் காரின் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஒரு மனிதனின் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகின்றது. நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பியே நம் மனைவி மக்களை அமர்த்தி நான்குவழிச் சாலையில் விரைகின்றோம். பிரேக் எவ்வளவு சிறந்ததாயினும், அந்த நான்கு உள்ளங்கைகள் சாலையைப் பற்றினால்தான் கார் நிற்கும்.

எண்கள் கூறும் செய்தி

டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள எண்களை நம்மில் பலர் படிப்பதில்லை. 165/80 ஆர் 14 என்றிருந்தால், 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ‘ஆர்’ என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அதனை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், அந்த டயர் தாங்கக்கூடிய சுமையைக் குறிப்பது. 79 என்றால் 437 கிலோ, 85 என்றால் 515 கிலோ, 88 என்றால் 560 கிலோ. எழுத்து, அது தாங்கும் உச்ச வேகம். ‘எஸ்’ என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், ‘டி’ என்றால் 190, ‘எச்’ என்றால் 210. மேலும் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்தில் காணப்படும். 2523 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இவற்றைப் படிக்க எந்திர அறிவு வேண்டியதில்லை. குர்ஆன் மதரஸாவில் ஓதும் பிள்ளைகூடப் படித்துச் சொல்லிவிடும்.

பெரிதாக்கினால் என்ன ஆகும்?

சக்கரத்தைப் பெரிதாக்குவதற்கும் ஒரு முறை உண்டு. மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கநிலை வகைகளுக்கு 165/80 ஆர் 14 அளவும், உயர்நிலை வகைகளுக்கு 185/65 ஆர் 15 அளவும் கம்பெனியே பொருத்தி வந்துள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால் முதலாவதன் முழு விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதானபோதும் முழுச் சக்கரத்தின் விட்டம் 2 மி.மீ.கூட மாறவில்லை! இதுவே முறையான மாற்றம். ரிம் பெரிதாகும் அளவுக்குப் பக்கச் சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் மாறக் கூடாது. மூன்று விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது இத்துறையினரின் பொது வழக்கம்.

இம்முறையை அறியாமல், பார்வைக்குக் கம்பீரமாயிருக்கிறதென்று அதே காருக்கு 205/65 ஆர் 15 டயரை ஒருவர் மாட்டினால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும். வேகமானி 80 என்று காட்டும்போது கார் ஏறத்தாழ 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் உட்பக்கம் உரசும். எஞ்சினின் இழுவை குறையும். பெட்ரோல் செலவு கூடும்.

முறையாக மாற்றினாலும் ஒன்றை இழந்தே ஒன்றைப் பெறுகிறோம் என்பதை மறந்துவிடலாகாது. 14 அங்குல டயரின் பக்கச் சுவர் 132 மி.மீ. 15 அங்குலத்தில் அது 120 ஆகிறது. 195/55 ஆர் 16 என்று இன்னும் ஓர் அங்குலம் ஏறினால் 107 ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தை அந்தப் பக்கச் சுவர்தான். மெத்தை மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் பெரும்பாலும் நெளியும். அலாய் ரிம் விரிசல் விடக்கூடும். குழிகளும், எதிர்பாராத வேகத்தடைகளும் நிறைந்த நம் ஊர்த் தெருக்களுக்கும், வாய்க்கால் பாலங்களைக் கடந்து செல்லும் கிராமச் சாலைகளுக்கும் சற்றுத் தடித்த பக்கச் சுவரே ஏற்றது. 15 அங்குலத்திற்கு மேல் ஆசைப்படுவோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

அலாய் சக்கரத்தில் நன்மை இல்லாமலில்லை. அதே அளவில் நன்கு வார்க்கப்பட்டது எடை குறைவாயிருக்கும். பிரேக்கின் வெப்பத்தையும் நன்கு வெளியேற்றும். ஆனால் துளைகளின் வட்ட அளவும், நடுத்துளையும், நட்டுகளின் வடிவமும் காருக்குப் பொருந்த வேண்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்குமாறு பொருத்தினால் பேரிங் விரைவில் தேயும். பொருத்திய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் சோதித்து இறுக்குவதும் அவசியம். ஸ்டெப்னியும் அதே விட்டத்தில் இருக்க வேண்டும்.

சுமையை மறக்கலாகாது

விமான நிலையத்துக்கு வழியனுப்பச் செல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். ஐவர் அமரும் காரில் வாப்பா, உம்மா, மனைவி, பிள்ளைகள், மச்சான் என்று எழுவர், எண்மர்! பின்னால் கயிறு கட்டிய பெட்டிகள். நெல்லையிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். அழகுக்காகச் சுமைக் குறியீடு குறைந்த டயரை மாட்டிக்கொண்டு இப்பயணம் செல்வது எத்துணை ஆபத்து! புதிய டயரின் சுமை எண்ணும், வேக எழுத்தும் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையலாகாது. அதற்காக, சுமை எண் கூடிய டயரை மாட்டிவிட்டோமென்று ஆட்களைக் கூட்டுவதும் தவறு. காரின் ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாறிவிடவில்லையே!

வெயிலும் மழையும்

கோடையில் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்றஞ்சிக் காற்றைக் குறைத்து ஓட்டுவோர் நம்மிடையே பலர். இது தலைகீழான எண்ணம். காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதனால் வெப்பம் பெருகும். அந்த வெப்பமே டயரை வெடிக்கச் செய்யும். ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் காற்றழுத்தம் எவ்வளவு என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆட்கள் நிறைந்த பயணத்திற்குத் தனி அளவு காட்டியிருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் வேளையில் அளப்பதே சரியானது. நைட்ரஜன் அடைத்தால் போதும், பிறகு பார்க்கவே வேண்டாம் என்பதும் சரியன்று. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

அடுத்து மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது, வீட்டிலிருப்பதே காப்பு. ஆனால் சாதாரண மழையில் சாலையில் படரும் மெல்லிய நீரை டயரின் பள்ளங்களே விலக்குகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். டயர் அகலமாக அகலமாக இவ்வாறு மிதக்கும் வாய்ப்பும் கூடுகின்றது. அகலமான டயர் எல்லா நிலையிலும் பாதுகாப்பு என்னும் நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது.

காருக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் கம்பெனி வகுத்ததற்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதனைக் காரணம் காட்டவும் இடமுண்டு. அதே காரின் உயர்நிலை வகைக்குக் கம்பெனி வகுத்த அளவோடு நிறுத்திக்கொள்வதும், மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் விவேகமாகும்.

முதலில் செய்ய வேண்டியது

கையில் உள்ள பணம் அளவானதென்றால் ரிம்முக்குச் செலவிடுமுன் டயருக்குச் செலவிடுங்கள். கம்பெனி அளவிலேயே, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, அண்மையில் தயாரான நல்ல டயர்கள் நான்கை வாங்குவதே தலைசிறந்த முன்னேற்றம். இரண்டு மட்டுமே வாங்க இயலுமாயின் அவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்த வேண்டும். பின்பக்கம் வழுக்கினால் காரைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். மாதம் ஒருமுறையேனும், தொலைதூரப் பயணத்துக்கு முன்பும் காற்றழுத்தம் பாருங்கள். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, அலைன்மெண்டும் பேலன்சிங்கும் பாருங்கள். ஓட்டம் குறைவாயினும் ரப்பர் மூப்படையும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதியுங்கள். பள்ளம் மீதமிருந்தாலும் பத்தாண்டு கடந்ததை ஓட்ட வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று வயது தெரியாத பழைய டயரை வாங்காதீர்கள்.

வாகனத்தில் ஏறியதும் பயண துஆ ஓதுகிறோம். இதனை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவனே என்று ஒப்புக்கொள்கிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்ட நினைத்தவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய வரலாறும் நாம் அறிந்ததே. நம் காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவதென்பது, புறப்படுமுன் குனிந்து நான்கு டயர்களையும் பார்ப்பதுதான். காரில் அமரும் குடும்பத்தாரும், சாலையில் நடந்து செல்லும் அயலாரும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். தேய்ந்த டயரைப் பளபளக்கும் சக்கரத்தால் மறைத்து ஓட்டுவது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

பாடுபட்டுச் சேர்த்த ஹலாலான செல்வம் நம் குடும்பங்களின் பாதுகாப்புக்கும் நிம்மதிக்கும் பயன்பட வல்ல நாயன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.