தண்டவாளப் பித்து – 14: பாதை ஒன்று, உலகம் நாலு

யூனிகேஜ் திட்டத்தில் மீட்டர் கேஜைப் பெயர்த்த புராணம் சென்ற வாரத்தோடு முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்க. இந்த வாரம் தோட்டத்தில் ஓடும் குட்டி எஞ்சின்களின் பாய்லரைத் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் எண் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. 45 மில்லிமீட்டர்.

லண்டனில் மேரிலபோன் ஸ்டேஷனில் ஏறினால் பீக்கன்ஸ்ஃபீல்டு பக்கம்தான். அங்கே பெக்கன்ஸ்காட் என்று ஒரு பொம்மை ஊர். ரோலண்ட் காலிங்காம் என்ற லண்டன் கணக்காளர் தன் தோட்டத்தில் கட்டி, 1929-இல் திறந்தது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ரயில் வெளியே போகாவிட்டால் தான் போய்விடுவதாக அவர் மனைவி எச்சரித்தார், அதனால்தான் ரயில் தோட்டத்துக்கு வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, ரயில் பித்துள்ள எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே. பாதை போட அன்றைய பெரிய மாடல் நிறுவனமான பாசெட்-லோக் வந்தது. சிறுமியாக இருந்த எலிசபெத் இளவரசி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அங்கே வீடு, சர்ச், கடைத்தெரு எல்லாம் நிஜத்தில் 12-இல் ஒரு பங்கு. ரயில் பாதையின் அகலம் 45 மி.மீ. என்றார்கள். நமக்குக் கை சும்மா இருக்குமா? 45-ஐ 12-ஆல் பெருக்கினேன். 540 வந்தது. வீடுகளின் கணக்குப்படி பார்த்தால், ஊருக்கு நடுவே கம்பீரமாக ஓடும் அந்த எக்ஸ்பிரஸின் பாதை, 610 மி.மீ. டார்ஜிலிங் பாதையைவிட ஒல்லி! கம்பிவேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்த ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. குட்டை மரங்களும் திருப்பங்களும் கணக்கை மறைத்துவிடுகின்றன.

எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தலோடுதான் ஒரு தோட்ட ரயில் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தேன். ஒரு மேஜையில் ஒரே ஒரு நீள்வட்டப் பாதை. அதில் ஒரு பெரியவர் முறைவைத்து வண்டிகளை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். முதலில் பச்சை நிற பிரிட்டிஷ் எக்ஸ்பிரஸ், பிறகு சுவிஸ் மலை ரயில், அதன்பின் அமெரிக்கச் சுரங்க வண்டி. பாதை மட்டும் மாறவே இல்லை. "எதுதான் சரியான அளவு?" என்று கேட்டேன். "எல்லாமே" என்றார், நிமிராமல்.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டதும் தூக்கம் போயிற்று. நீங்களும் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் பாதை 1,435 மி.மீ. அதை 32-ஆல் வகுத்தால் 44.8. சுவிட்சர்லாந்தின் ரேத்தியன் ரயில் மீட்டர் கேஜ். ஆயிரத்தை 22.5-ஆல் வகுத்தால் 44.4. கொலராடோ மலைகளின் மூன்றடிப் பாதை 914 மி.மீ. 20.3-ஆல் வகுத்தால் அச்சாக 45. டார்ஜிலிங்கின் இரண்டடிப் பாதையை 13.7-ஆல் வகுத்தாலும் 44.5. நாலும் ஒரே 45 மி.மீ. தண்டவாளத்தில் வந்து உட்காருகின்றன. இந்த நாலு விகிதத்திலும் வண்டி செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் 22.5 என்ற கணக்கைப் பிரபலமாக்கியது நியூரம்பர்க்கின் லேமன் பொம்மைக் கம்பெனி. எல்ஜிபி என்ற பெயரில் 1968-இல் தோட்ட ரயிலை இறக்கியது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய ஆரம்பகால எஞ்சினான 'ஸ்டைன்ஸ்' நிஜத்தில் ஓடியது ஆஸ்திரியாவின் 760 மி.மீ. பாதையில். அதை 22.5-ஆல் வகுத்தால் 33.8தான். விதி எழுதிய கையோடு விலக்கும் எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்குள் மேஜை ரயில் ஓட்டும் ஆங்கிலேயர்களின் சண்டை இதைவிட ருசி. அவர்களுடைய 'ஓஓ' ரகத்தில் வண்டி 76.2-இல் ஒரு பங்கு, பாதை 16.5 மி.மீ. பெருக்கினால் 1,257 மி.மீ.தான் வரும். ஒல்லியான பிரிட்டிஷ் எஞ்சின் உடம்புக்குள் அந்தக் கால மோட்டார் அடங்கவில்லை. அதனால் உடம்பைப் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அது பொறுக்காமல் 18.83 மி.மீ. அகலத்தில் கையாலேயே பாதை போடுகிற ஒரு கூட்டமும் உண்டு. அவர்களிடம் 16.5 பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறிப்போகும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். 1992-இல் தொடங்கிய யூனிகேஜில், நாடு முழுக்க ஒரே அகலம் வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்து 1,676-க்கு மாற்றினோம். தோட்ட ரயில்காரர்கள் அதே ஒற்றுமையை நேர் எதிர்வழியில் சாதித்தார்கள். தண்டவாளத்தைத் தொடவில்லை, ஒவ்வொரு நாட்டையும் அதற்குத் தக்கபடி சுருக்கினார்கள். இதில் நம் பிராட்கேஜுக்குத்தான் இடமில்லை. 1,676-ஐ 45-க்குள் அடக்க 37-க்கு மேல் வகுக்க வேண்டும். அந்த விகிதத்தில் கடையில் ஒரு பெட்டி வாங்க முடியாது.

ஆனால் நீலகிரி ரயில்? பெயர்க்கப்படாமல் தப்பிய மீட்டர் கேஜ் அது. 22.5-ஆல் வகுத்தால் ரேத்தியன் ரயில் ஓடும் அதே பொம்மைப் பாதையில் குன்னூர் வண்டியும் கச்சிதமாக நிற்கும். அதன் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் பிறந்ததும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில்தான் என்பதால், ஒரே மேஜையில் சொந்தக்காரர்கள் சேர்ந்த மாதிரி.

நிற்கும் என்றுதான் சொன்னேன். ஏறுமா என்பது வேறு கேள்வி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம். 45 மி.மீ. நடுவே அந்தப் பற்களை எப்படிப் பதிப்பது? ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், பக்கமும் தீர்ந்தது. அடுத்த வாரம் முதலில் பல், பிறகு பாய்லர். பாய்லர் அதற்கு அடுத்த வாரத்துக்குப் போனாலும் என்னைத் திட்டாதீர்கள்.