ஏரியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

பரீட்சை முடிந்த கையோடு, ஒரு மே மாதத்தில் என் அக்கா பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனேன். ஏரியில் வெடித்த களிமண்ணும் நாலு ஆடுகளும்தான் இருந்தன. "மாமா, இதுதான் பறவைகள் சரணாலயமா?" என்று சின்னவன் கேட்டான். தப்பு ஏரிமேல் இல்லை. நான் காலண்டரைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது மழையை.

தாங்கல் என்றால் சின்ன ஏரி. மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் இந்தத் தாங்கலை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் ஏறியதும் ஏரிக்குள் இருக்கும் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். பறவைகளுக்கு வேண்டியது அதுதான். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுவார்களே, அதுபோல! பூனையும் கீரியும் நீந்தி வந்து முட்டையைத் திருடுவது எளிதல்ல. அகழியிலேயே மீனும் தவளையும் நத்தையும் கிடைக்கும். மழை பிந்தினால் கூடு கட்டுவதும் பிந்தும். அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது நேரம். ஏரிக்கரைமேல்தான் நடை. ஒரு கிலோமீட்டரைச் சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் நடந்துவிடுவோம். ஆனால் இங்கே பத்தடிக்கு ஒரு தரம் நிற்போம். ஆகவே ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். காலையில் பறவைகள் இரை தேடப் புறப்படும். மாலை 4 மணிக்குமேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எனக்குப் பிடித்தது மாலைதான். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் காக்கை மாதிரி கறுப்பாகத்தான் தெரியும்.

சட்டை? பளிச்சென்ற நிறம் வேண்டாம். நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பல பறவைகளுக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அவற்றுக்குத் தெரியும். இருநோக்கி வாங்கினால் 8×40 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இன்னும் அதிகமாகப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடும். தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஏன் சத்தம் போடக்கூடாது? மரியாதைக்காக மட்டுமல்ல. மஞ்சள் மூக்கு நாரை உச்சிவெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். நாம் கத்தினால் அது எழுந்து பறந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் குஞ்சை வெயில் சுடும். காக்கை முட்டையைக் கொத்தும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம் ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. வேடந்தாங்கல்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. சுட வந்தவர்களைப் பற்றி அவர்கள் முறையிட்டதால், 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு எழுதிக்கொடுத்தார். பாசம் மட்டும் காரணமில்லை! பறவை எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு. அது கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் போனால் காசில்லாத உரம்.

நத்தைகுத்தி நாரையைத் தேடுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். வழுக்கும் நத்தையைக் கையாள அந்த வளைந்த அலகு உதவுகிறது. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். நீர்க்காகம் சிறகை விரித்துக் கொடியில் போட்ட துணி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் இறகு வாத்தின் இறகுபோல் நீரை முழுக்கத் தள்ளாது, நனைந்துவிடும். நனைவதால்தான் மிதக்காமல் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது. காய வைப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

அடுத்த ஜனவரியில் அதே பிள்ளைகளோடு மறுபடியும் போனேன். சின்னவன் கரையில் நின்று ஒரே மரத்துக் கூடுகளை எண்ணத் தொடங்கினான். முப்பத்தேழில் ஒரு கூழைக்கடா குறுக்கே பறந்து குழப்பிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.